சும்மாட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

ரிட்டயர்டு கண்டக்டர் வேலாயுதம் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சித்தாள் முப்பிடாதியின் தலையிலிருந்த கலவைச் சட்டிக்கு எடை இல்லாமல் போயிற்று. சட்டி விழவில்லை, சாந்து சிந்தவில்லை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க, எடை மட்டும் தன் ஊர் வந்ததும் பஸ்ஸை விட்டு இறங்கிப் போகிற ஆளைப் போல ஏதோ ஒரு படியில் இறங்கிப் போய்விட்டது. கீழே கலவை அள்ளிப் போடும் பூலம்மாள் அரைச் சட்டியோடு தூக்கிவிட்டாள் போல என்றுதான் முப்பிடாதி நினைத்தாள். ஆனால் மேலே போய்ச் சட்டியைக் கவிழ்த்தபோது கொத்தனார் மாடசாமியின் பலகை நிறைந்து ஓரத்தில் வழிந்தது.

அடுத்த நடையில் பூலம்மாள்தான் அதைக் கண்டுபிடித்தாள். "ஏட்டி, சட்டி உன் சும்மாட்டுல உக்காரலையேட்டி" என்றாள், குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு. "ஒரு விரக்கடை மேல நிக்கி."

"நின்னா நின்னுட்டுப் போகுது. அடுத்த சட்டியப் போடு. சாந்து இல்லைன்னா மேல அந்த ஆளு பீடியப் பத்த வச்சிருவாரு."

அதற்கு மேல் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சுருட்டி வைத்த துணிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம் தெரிந்தது, அவ்வளவுதான்.

நல்லமங்கலத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் பழைய தியேட்டர் முக்கில் தூக்குச் சட்டியும் கையுமாக நிற்பார்கள். அங்கே வந்து நிற்கிற எல்லாருக்கும் ஒரு பாதை உண்டு. பெரியாள் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண், இரண்டு பேருக்கும் வேலை எடுபிடிதான், மணல் சலிப்பது, செங்கல்லை நனையப் போடுவது, கலவை குழைப்பது, சுமப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவது. ஆனால் பெரியாள் ஒருநாள் கொத்தனார் ஆவான், கொத்தனார் ஒருநாள் மேஸ்திரி ஆவான், சித்தாள் ஒருநாள் வயசான சித்தாள் ஆவாள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது.

முப்பிடாதிக்குக் கரண்டி பிடிக்க வேண்டும். கரண்டி என்றால் கொத்தனார் சாந்து அள்ளிப் பூசும் கரண்டி. அந்த ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, பிறர் கட்டுகிற சுவருக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் வந்திருக்கும். இன்றைக்குக் கொத்தனாராக நின்று அதட்டுகிற மாடசாமி அவளுக்குப் பிறகு பெரியாளாக வந்தவன்தான். காய்ந்த செங்கல்லை வைத்தால் அது சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், நனைத்து வை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள். ஒருநாள் அவன் காய்ச்சலில் பாதியில் போய்விட, குளியலறைப் பின்சுவரின் பூச்சை அவளே முடித்து வைத்தாள். மேஸ்திரி ஆவுடையப்பன் சாயங்காலம் வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்தார், உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், யார் பூசியது என்று தெரிந்துகொண்டார், பிறகு, "பாப்பம். இந்த ஆயுத பூசைக்குப் பாப்பம்" என்றார். அவருடைய செட்டில் புதுக் கொத்தனாருக்குக் கரண்டி கொடுப்பது ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில்தான். பூஜையில் வைத்த சாமான்களை அதுவரை ஒருவரும் தொடக்கூடாது, விடிந்ததும் அவரவர் சாமானை அவரவர் எடுத்துப் பேருக்கு ஒரு வேலை செய்ய வேண்டும், கொத்தனார் ஆகப்போகிறவன் கரண்டி எடுத்து ஒரு செங்கல் வைப்பான். மேஸ்திரி சொன்ன அந்த ஒரு 'பாப்பம்' அவளுக்கு அந்த வருஷத்து வெயிலுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான் அவள் தலையை விட்டு எடை போயிற்று.

ஆவுடையப்பன் கெட்டிக்காரர், எதைக் கண்டும் வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. விஷயம் கேள்விப்பட்டதும் அவள் தலையில் முதலில் இரண்டு சட்டியை அடுக்கச் சொன்னார், பிறகு பலகை போட்டுச் செங்கல்லை அடுக்கச் சொன்னார், பிறகு சிமெண்டு மூட்டையை, பிறகு மூட்டை மேல் மூட்டையை. அடுக்கிவிட்டவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர முப்பிடாதி வாசலில் கோலம் தாண்டி நடக்கிறவள் மாதிரி நடந்து மாடிக்குப் போனாள். "சரி, நல்லதாப் போச்சு" என்றார் மேஸ்திரி, மழை சீக்கிரம் விட்டதற்குச் சொல்வதுபோல.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மில் மோட்டாரை முதல் மாடிக்கு ஏற்ற கிரேன் சொல்லியிருந்தவர்கள் கிரேன்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முப்பிடாதியைக் கூப்பிட்டார்கள். கல்யாணமாகிப் போன பெண்களின் பீரோக்கள் அவள் தலையேறி மாமியார் வீட்டு மூன்றாம் மாடிக்குப் போயின, பத்திர ஆபீஸின் இரும்புப் பெட்டி வெள்ளையடிப்பதற்காக வெளியே வந்து மறுபடி உள்ளே போயிற்று, பெருமாள் கோயில் கல்தொட்டி பல தலைமுறையாக உட்கார்ந்திருந்த வெயிலை விட்டு நிழலுக்கு வந்தது. மேலத்தெரு ஜவுளிக்கடை முதலாளி, உடம்பு பெருத்துப்போய் மாடியறையை விட்டு வருஷக்கணக்காக இறங்காதவர், கட்டிலோடு அவள் தலையில் இறங்கி வந்து தன் கடையைப் பார்த்தார், கல்லாவில் மைத்துனன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் தன்னை உடனே மேலே கொண்டுபோகச் சொன்னார். கல்லூரியிலிருந்து ஒரு சார் ஸ்கேலும் தராசுமாக வந்து விரற்கடையை அளந்தார், விரற்கடைதான் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் பஜ்ஜி தின்று பஸ் ஏறிப் போனார். கொஞ்ச நாளில் அந்த ஊரில் கனமான சாமான் என்றால் "முப்பிடாதிட்டச் சொன்னியா?" என்று கேட்பது, கரண்ட் போனால் பியூஸைப் பார்த்தாயா என்று கேட்பதைப் போல ஆகிவிட்டது.

மேஸ்திரி ஒரு தலை போதும் என்று கண்டுகொண்டார். சித்தாள்களை ஒவ்வொருத்தியாக, சண்டை சச்சரவில்லாமல், "நாளைக்கு வர வேண்டாம் தாயி, வேலை இருந்தாச் சொல்லிவிடுதேன்" என்று நிறுத்தினார். கடைசியாக நின்றது பூலம்மாள். அவள் தன் சட்டியைக் கழுவித் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முப்பிடாதியின் முன்னால் வந்து நின்றாள்.

"உம்மேல எனக்குக் கோவமில்லட்டி" என்றாள். "ஆனா நாளைக்குக் காலையில முக்குல நான் நிக்கையில நீ அந்தப் பக்கமா வராத. சுத்திப் போ."

அது கோபத்தை விட மோசமாக இருந்தது. முப்பிடாதி மறுநாள் சுற்றித்தான் போனாள்.

அன்று மத்தியானச் சோற்றுக்கு மேஸ்திரி உட்கார்ந்திருந்தபோது அவர் எதிரில் போய் நின்றாள். "அண்ணாச்சி, ஆயுத பூசை வருதுல்லா. பாப்பம்னு சொன்னிய."

ஆவுடையப்பன் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். புரிந்தபோது சிரித்தார், அதில் கெட்ட எண்ணம் இல்லை. "கரண்டியா? அட, நீ ஒருத்தி. ஊர்ல கொத்தனாருக்கா பஞ்சம்? இந்தத் தலை வேற எவளுக்கு இருக்கு? உன்னைக் கரண்டி பிடிக்க விட்டா சாமி என்னைச் சும்மா விடுமா?"

முப்பிடாதி தன் தலை மேல் வெறுப்பு கொண்டது அன்றைக்குத்தான். கொடுக்காமல் இருப்பதற்கு இத்தனை நாளும் அவரிடம் காரணம் ஒன்றும் இல்லை, அதனால் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஊர் முழுக்க ஒத்துக்கொள்கிற காரணம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கொழுப்பு என்பார்கள். அவளுக்கு எடை இல்லாமல் வேலை ஓடவில்லை. சாந்து சரியாக இருக்கிறதா என்பதை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை, கழுத்தால் பார்ப்பாள். மணல் கூடிய கலவை தலையில் செத்த கனமாக உட்காரும், தண்ணீர் கூடியது படியேறும்போது தளும்பிப் பிடரியை இழுக்கும், பதமான கலவை ஒரு குழந்தை உட்கார்ந்த மாதிரி உடம்போடு சேர்ந்து வரும். "அண்ணாச்சி, மணல் கூடிட்டு" என்று கீழே பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏறுவது அவள் மட்டுமல்ல, பூலம்மாளும் மற்றவர்களும் செய்ததுதான், எவருடைய வேலைக் கணக்கிலும் வராத வேலை அது. இப்போது சட்டிக்குச் சட்டி ஏறிக்கொண்டிருந்தது, தலைக்கு ஒரு சேதியும் வரவில்லை.

கீழே கலவை போட நின்றது புதிதாக வந்த பெரியாள் ஒருவன். எடை இல்லாத தலை எத்தனை வேகமாக வந்து போகுமோ அத்தனை வேகமாக அவன் குழைக்க வேண்டியிருந்தது, அதனால் மணலுக்கும் சிமெண்டுக்கும் அளவுச்சட்டி பிடிப்பதை விட்டுவிட்டு மண்வெட்டியால் குத்துமதிப்பாகத் தள்ளினான். தள்ளியது சாந்தாகி, சாந்து மாடியறைச் சுவராகி, மாடசாமியும் நூல் பிடித்துக் கட்டிக்கொண்டே போனான், நூலுக்குச் சுவர் நேராகத்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டீ வந்தது. மாடசாமி கிளாஸை வாங்கிக்கொண்டு எப்போதும்போல சுவரில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்தான். சுவர் அவனுக்கு மரியாதையாக வழிவிட்டு வெளிப்பக்கமாகப் போய்க் கீழேயிருந்த மணல் குவியலில் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, டீ கூடச் சிந்தவில்லை. உதிர்ந்த செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தை மேஸ்திரி எடுத்துக் கசக்கினார், அது புட்டு மாவாக விரலிடுக்கில் கொட்டியது. கண்டக்டர் வேலாயுதம் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார், தீபாவளிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

"கலவை அப்படி வந்திருக்கு, கட்டையில போற எவளும் பாக்கலையா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"பாக்கதுக்கு இருந்தவளுவள நீங்க வீட்டுக்கு அனுப்பிட்டிய" என்றாள் முப்பிடாதி. "எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஆண்டவன் சத்தியமா, என் தலைக்கு ஒண்ணுமே தெரியல." சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுவர் விழுந்ததற்கு அல்ல, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைத் தன்னிடமிருந்து எடை கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டதே என்று.

மறுநாள் ஆயுத பூஜை. விழுந்த சுவரை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, இடத்தைக் கழுவி, வாழையிலை விரித்து, கொத்தனார்கள் கரண்டிகளையும் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நூலையும் வைத்தார்கள், கலவை மிஷினுக்கு மாலை போட்டார்கள். முப்பிடாதி தன் சட்டியைக் கொண்டுபோய் வைக்கப் போனாள். ஆவுடையப்பன் தடுத்தார். சுவர் விழுந்ததற்குப் பரிகாரமாகவோ, தான் கத்தியதற்குச் சமாதானமாகவோ, அவர் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு மரியாதை செய்ய முடிவு செய்திருந்தார். மிஷினுக்கும் ஏணிக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டு, "சட்டி எதுக்கு? நீ உக்காரு தாயி" என்றார். அவள் உட்கார்ந்தாள். மாடசாமி கரண்டிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, மிஷினுக்கு வைத்து, அதே கையோடு அவள் நெற்றியிலும் உச்சந்தலையிலும் வைத்துக் குங்குமம் இட்டான். அடுத்து ஏணிக்கு வைத்தான். சாம்பிராணி காட்டும்போது மிஷினையும் அவளையும் ஏணியையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றினார்கள். கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கண்ணிலும் கேலி இல்லை, எல்லாரும் மனசார வணங்கினார்கள், அதுதான் அவளைக் குலுக்கிப் போட்டது.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வீட்டுக்காரி வந்து, கீழே இறக்கியிருக்கிற கதவு நிலையை மட்டும் மழைக்கு முன்னால் உள்ளே வைத்துவிட்டால் தேவலை என்றாள். மேஸ்திரி முப்பிடாதியைப் பார்த்தார். அவள் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பூசையில வச்ச சாமான விடிய வரைக்கும் தொடக்கூடாதுல்லா, அண்ணாச்சி" என்றாள்.

நிலையை ஆண்கள் நாலு பேர் சேர்ந்து முக்கி முனகித் தூக்கினார்கள். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே அவள் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு பொரியாக நிதானமாகத் தின்றாள்.

விஜயதசமி காலையில் அவள் சுற்றிப் போகவில்லை. நேராக முக்குக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பூலம்மாளின் கையைப் பிடித்தாள். பூலம்மாள் உதறினாள், முப்பிடாதி மறுபடி பிடித்தாள். "வேலைக்கு வா. மத்தவளுவளையும் கூப்பிடு" என்றாள். "மேஸ்திரி சொன்னாரா?" என்று கேட்டதற்கு, "சொல்லுவாரு" என்றாள். இலை முன்னால் எல்லாரும் அவரவர் சாமானை எடுக்கக் கூடியிருந்த நேரத்தில் சித்தாள்களும் சட்டியோடு வந்து நின்றார்கள். மேஸ்திரி என்ன ஏது என்று கேட்பதற்குள் முப்பிடாதி குனிந்து, ஓரத்திலிருந்த ஒரு கரண்டியை எடுத்தாள். அது மேஸ்திரியின் பழைய கரண்டி. பிடி அவள் கைக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வை கீழ" என்றார் மேஸ்திரி.

"நேத்து என்னைச் சாமானா வச்சிய. இன்னைக்கு அவாவா சாமான அவாவா எடுக்கணும். என்னைய நான் எடுத்துக்கிட்டேன். இனி தலையில எதையும் ஏத்த மாட்டேன். மோட்டார், பீரோ, ஒண்ணும் கிடையாது. சுமக்க இவளுவ இருக்காளுவ, பதம் சொல்லவும் இருக்காளுவ."

"கரண்டிய எடுத்தா அந்த வரம் போயிருமேட்டி" என்றார் அவர், குரல் இறங்கிப்போய். அவருக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது. "பொம்பள எடுத்த செவரு நிக்காதும்பாவ."

முப்பிடாதி ஓரத்தில் தள்ளிக் கிடந்த சுவரைக் காட்டினாள். "ஆம்பள எடுத்தது அந்தா படுத்திருக்கு."

முதலில் சிரித்தது மாடசாமிதான். விழுந்த சுவர் அவன் சுவர், ஆனாலும் அவனால் அடக்க முடியவில்லை. அவன் சிரித்ததும் கண்டக்டர் சிரித்தார், வீடு இடிந்தவரே சிரித்த பிறகு மற்றவர்களுக்கு என்ன, எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "ஒரு செங்கல் வை. பாப்பம்" என்றார்.

அவள் ஒரு செங்கல்லோடு நிற்கவில்லை. பூலம்மாள் அளவுச்சட்டி பிடித்துக் கலவை போட்டாள், மற்றவர்கள் சட்டி சட்டியாகச் சுமந்து வந்தார்கள், கனத்தைச் சுமக்கிறவர்கள் விடுகிற மூச்சு மாடிப்படி முழுக்கக் கேட்டது. முப்பிடாதி சாந்தை விரித்து, நனைந்த செங்கல்லை அழுத்தி, கரண்டிப் பிடியால் தட்டி, பிதுங்கியதை வழித்து அடுத்த செங்கல்லின் பக்கத்தில் அப்பினாள். கழுத்துக்கு வராமல் போன சேதி அப்போது மணிக்கட்டில் வந்தது. சாந்து கனத்தது. கரண்டி நுனியிலிருந்து முழங்கை வரை அந்தக் கனம் ஏறி வந்தபோது, பிரிந்துபோன ஆளை பஸ் ஸ்டாண்டில் கண்ட மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷத்தில் ஒரு வரிசையைக் கோணலாக வைத்துவிட்டாள், தானே பிரித்து மறுபடி வைத்தாள்.

அவளுடைய தலைக்கு அந்த வரம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஊரில் ரொம்ப நாள் விவாதம் நடந்தது. போய்விட்டது என்று கிரேன்காரர் அடித்துச் சொன்னார், இருக்கிறது என்று ஜவுளிக்கடை முதலாளி மாடியிலிருந்து சொல்லியனுப்பினார். சோதித்துப் பார்க்க யாருக்கும் வழியில்லை. வெள்ளிக்கிழமைப் பூவைத் தவிர அந்தத் தலையில் அவள் எதையும் வைக்கவில்லை.

அந்த விஜயதசமி சாயங்காலம் மேஸ்திரி மாடிக்கு வந்தபோது சுவர் இடுப்பளவுக்கு நின்றது. அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை காத்திருந்தார், நூலுக்கும் சுவருக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு மாடசாமி கை ஊன்றின இடத்தில் தன் கையை ஊன்றி, உடம்பை மொத்தமாகச் சாய்த்தார். பூலம்மாள் சட்டியோடு படியில் நின்றுவிட்டாள். சுவர் அவரை வாங்கிக்கொண்டு நின்றது.

சுவர் வேலையில் நடுவில் கட்டுவதை எவருக்கும் கொடுப்பார்கள், மூலையைக் கொடுக்க மாட்டார்கள். மூலை பிசகினால் அதிலிருந்து நூல் பிடிக்கிற எல்லாச் சுவரும் பிசகும், அதனால் அது மேஸ்திரி தன் கையாலோ, தான் நம்புகிற கையாலோ எழுப்புவது. ஆவுடையப்பன் கை மண்ணைத் தட்டிவிட்டு, நூல்கண்டை எடுத்து அதன் நுனியை முப்பிடாதியிடம் நீட்டினார்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துரு" என்றார். "வடகிழக்கு மூலைய நீ எடு."

அவள் நுனியை வாங்கி, ஒரு ஆணியில் சுற்றி, சுவரோரம் பத்திரமாகச் செருகி வைத்தாள். பிறகு கரண்டியைக் கழுவப் படியிறங்கினாள்.